"கொஞ்சம்தான் போட்டேன்"

இந்த மாதத்தில் இது மூன்றாவது சாவு. மயக்கத்தில் இருந்த சுண்டெலிக்குத் தையல் போடும் முன்பே மூச்சு நின்றுவிட்டது. மயக்க வாயு கூடிவிட்டதோ என்று மாணவர் கருவியைத் திருகிக்கொண்டிருந்தார். ஆய்வக விலங்கு மருத்துவரான நான் கேட்டது ஒன்றுதான்: வெட்டும் இடத்தை மரக்கவைக்கப் போட்ட லிக்னோகெயின் எவ்வளவு?

"கொஞ்சம்தான் மேடம், 0.2 மில்லி."

சரி, கணக்குப் போடுவோம். 2 சதவீத மருந்தில் ஒரு மில்லிக்கு 20 மில்லிகிராம். (2 மில்லிகிராம் என்று நினைப்பவர்களை இன்னும் பார்க்கிறேன், முனைவர் பட்டம் வாங்கியவர்கள் உட்பட.) 0.2 மில்லியில் 4 மில்லிகிராம். எலியோ 25 கிராம். அதாவது கிலோவுக்கு 160 மில்லிகிராம்! 70 கிலோ மனிதருக்கு இதே விகிதத்தில் போட 30 மில்லி குப்பி ஏறக்குறைய 19 வேண்டும். மனிதருக்கு அட்ரினலின் (ரத்தக்குழாயைச் சுருக்கும் மருந்து) சேராத லிக்னோகெயினின் வழக்கமான உச்சவரம்பு கிலோவுக்கு 4.5 மில்லிகிராம்.

"அந்த இடத்தை மட்டும்தானே மரக்கவைக்கிறோம்?" இதைக் கேட்டால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. மரத்துப்போவது அந்த இடம்தான். மருந்து அங்கேயே உட்கார்ந்திருப்பதில்லை. ரத்தத்தில் கலந்து மூளைக்கும் இதயத்துக்கும் போகும். ஊசிதான் என்றில்லை, களிம்பும் அப்படித்தான். லேசர் சிகிச்சைக்கு முன் கால் முழுக்க மரக்கும் களிம்பைப் பூசி, மேலே பிளாஸ்டிக் சுற்றிக்கொண்டு உயிரை விட்டவர்கள் உண்டு. மனிதராவது உதடு மரக்கிறது, காது இரைகிறது, வாயில் உலோகச் சுவை என்று முன்கூட்டியே சொல்வார். மயக்கத்தில் கிடக்கும் எலி என்ன சொல்லும்? வலிப்புகூட வெளியே தெரியாமல் போகலாம்.

எடை போடுங்கள், குத்துமதிப்பு வேண்டாம். ஒரு பங்கு மருந்துக்கு மூன்று பங்கு சலைன் சேர்த்து 0.5 சதவீதமாக்குங்கள். கிலோவுக்கு 5 மில்லிகிராம் என்று வைத்தால் அந்த எலிக்கு வருவது 0.025 மில்லி, இன்சுலின் சிரிஞ்சில்தான் அதை அளக்க முடியும். ரத்தம் ஏறுகிறதா என்று பின்னிழுத்துப் பார்த்துவிட்டுச் செலுத்துங்கள். கூடவே இன்னொரு மரக்கும் மருந்தான புபிவகெயினும் போடுகிறீர்களா? இரண்டின் நச்சும் சேரும், தனித்தனி வரம்பு கிடையாது. அட்ரினலின் கலந்ததை வாலுக்கும் காதுக்கும் கொண்டுபோகாதீர்கள்.

அப்புறம், இதைப் படித்துவிட்டு "எதற்கு வம்பு, ஊசியே வேண்டாம்" என்று முடிவெடுத்துவிடாதீர்கள், தயவுசெய்து. மயக்கம் தெளிந்ததும் அந்தக் காயம் எலிக்கு வலிக்கத்தான் செய்யும்.