மூடியைக் கொண்டு வந்து நீட்டறதும் பேச்சுதாங்க

தேனி மாவட்டம் கம்பம் ஊர்ல ஸ்பீச் தெரபி பார்க்கறேன். என்கிட்ட வர்றவங்கள்ல நிறைய பேர் விடியுமுன்னாடியே ஜீப்பேறி கம்பம்மெட்டு, குமுளி வழியா கேரளா ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போற அம்மாக்கள், புள்ளைங்க பகல் முழுக்க அம்மாச்சிகிட்டதான்.

போன மாசம் ரெண்டு வயசுப் பையனைக் கூட்டிட்டு வந்தாங்க. "ஒரு வார்த்தை வரமாட்டேங்குது மேடம்"னு அந்தம்மா அழுதுக்கிட்டே சொல்லிட்டிருக்கும்போது அவன் தூக்குவாளி மூடியை எடுத்துட்டு வந்து அவங்க மூஞ்சிக்கு நேரா நீட்டறான், அவங்க பார்க்காமலே வாங்கி பையில போட்டாங்க, திரும்ப எடுத்துட்டு வந்தான், திரும்பவும் பைக்குள்ள போச்சு, மூணாவது தடவை அதட்டுதான் விழுந்துச்சு. எனக்கு மனசே கேக்கல. "அம்மா, இதைப் பாரேன்"னு அவன் மூணு தடவை சொல்லிட்டான்! நான் வாங்கி "அட, மூடி!"ன்னு தரையில சுத்திவிட்டேன். மூடியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், அப்புறம் அம்மாவைத் திரும்பிப் பார்த்து சிரிச்சான்.

அந்தத் திரும்பிப் பார்க்கறதுதாங்க பேச்சுக்கு வேர். ஒம்பது மாசத்துலருந்து ஒரு வயசு வாக்குல புள்ளைங்க பொருளை நீட்டிக் காட்டும், கையில குடுக்கும், விரல் நீட்டும், வார்த்தையெல்லாம் பெரும்பாலும் அதுக்குப் பின்னாடிதான். 1986ல டொமசெல்லோ, ஃபாரார்னு ரெண்டு பேர் பண்ண ஆய்வுல, குழந்தை ஏற்கனவே பார்த்துட்டிருக்கற பொருளோட பேரைச் சொன்னப்ப நல்லா கத்துக்கிச்சு, வேற பக்கம் திருப்பி சொல்லிக்குடுத்தது அந்தளவு ஒட்டல. அதனால அவன் மூடியோட நிக்கறப்ப சார்ட்டைக் காட்டி "ஆப்பிள் சொல்லு"ன்னு சொல்லாதீங்க, மூடின்னே சொல்லுங்க.

அம்மாச்சி "இந்தா"ங்கறாங்க, பக்கத்து வீட்டு சேச்சி அதையே மலையாளத்துல "இன்னா"ங்கறாங்க, அதுல குழம்பிட்டான்னு நிறைய பேர் சொல்றாங்க. ரெண்டு பாஷை கேக்கறதால பேச்சு தாமதமாகாது. பொருள் கைக்கு வருதுல்ல, ரெண்டும் புரிஞ்சிடும்.

தோட்டத்துலருந்து வந்தா எவ்ளோ அலுப்பா இருக்கும்னு தெரியும், செல்லைக் குடுத்துட்டு சாயத்தான் தோணும். ஆனா ஒரு பத்து நிமிஷம் தரையில உக்காருங்க, கொட்டாங்குச்சியோ கரண்டியோ எதைக் கொண்டு வந்தாலும் வாங்கிப் பார்த்து, பேர் சொல்லி, திருப்பிக் குடுங்க.

இன்னொன்னு. உங்க கையைப் புடிச்சு இழுத்துட்டுப் போய் பிஸ்கட் டப்பா மேல வைக்குது, மூஞ்சியைப் பார்க்கறதே இல்ல, சும்மா காட்டறதுக்குன்னு எதையும் கொண்டு வர்றதும் இல்ல, ஒன்னரை வயசாகியும் இப்படின்னா "அவங்கப்பாவும் லேட்டாத்தான் பேசினாரு"ன்னு தள்ளிப்போடாதீங்க. முதல்ல காது டெஸ்ட் எடுங்க, அந்த ரிப்போர்ட்டோட குழந்தை டாக்டரைப் பாருங்க.