நியூட்ரலுக்கு இத்தாலிக்காரர் வைத்த பேர்

தர்மபுரியில் லாரி பிரேக் வேலை பார்க்கிறேன். சேலம் போகும் வழியிலுள்ள தொப்பூர் கணவாயிலிருந்து இந்த மாதம் இழுத்து வந்தது மூன்றாவது வண்டி. கிரானைட் லோடு. டிரைவர் தம்பி எப்படியோ மண்மேட்டில் ஏற்றி நிறுத்தியிருக்கிறார். பிரேக் டிரம்மைக் கழற்றினால் உள்பக்கம் நீலம் பாரித்துக் கிடக்கிறது. டிரம்மை உரசிப் பிடிக்கும் லைனிங் கண்ணாடி மாதிரி மின்னுகிறது, நகத்தால் தட்டினாலே ஓரம் உதிர்கிறது.

"நியூட்ரல்லதாண்ணா வந்தேன். டீசல் மிச்சமாகும்ல."

கேட்டுக் கேட்டு வெறுத்துவிட்டது. மிச்சமாகாது தம்பி! கியரில் இருக்கும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் சக்கரமே இன்ஜினைச் சுற்றும். இப்போதைய வண்டிகளில் இன்ஜெக்டர் டீசலை அடியோடு நிறுத்திவிடும். நியூட்ரலுக்குத் தள்ளினால் இன்ஜின் அணையாமலிருக்கத் தனியாக டீசல் குடிக்கும். மிச்சம் பிடிக்கிறோம் என்று எரித்துக்கொண்டு வருகிறீர்கள். சரி, பழைய வண்டி, ஏதோ மிச்சமாகிறது என்றே வைத்துக்கொள்வோம். நியூட்ரலில் இன்ஜின் பிடிப்பு இல்லை, பாரமெல்லாம் பிரேக் தலையில்தான். ஒரு செட் லைனிங் என்ன விலை என்று ஓனரைக் கேளுங்கள்.

நியூட்ரல் என்றதும் ஏதோ சாதுவான கியர் என்ற நினைப்பு. அது கியரே இல்லை. லத்தீனில் மூலச்சொல் 'நியூட்டர்', இரண்டில் எதுவுமில்லை என்று அர்த்தம். பிரெஞ்சுக்காரர்களும் ஸ்பானியர்களும் 'செத்த புள்ளி' என்கிறார்கள். ஜெர்மனில் 'லீர்லௌஃப்', வெறும் ஓட்டம். இத்தாலியில் 'ஃபோல்லே', பைத்தியம். எதற்கும் கட்டுப்படாமல் தன்பாட்டுக்குச் சுற்றும் புல்லிக்கும் அங்கே அதே பேர்தான். பாரத்தோடு இறக்கத்தில் விட்ட லாரியைப் பார்த்த எனக்கு இத்தாலிக்காரர் வைத்த பேர்தான் சரியாகப் படுகிறது.

சேலம் பக்கம் இறங்குகிறவர்கள் ஏறுகிற கியரிலேயே இறங்குங்கள். கணவாய் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள், வேகம் பிடித்தபின் கியர் விழாது. இன்ஜின் புகையை அடைத்து வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக் இருக்கிறதே என்பார்கள். கியர் இல்லாமல் அது சக்கரத்தைப் பிடிக்காது. சாவியை அணைக்கவே அணைக்காதீர்கள். பிரேக்குக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசர் நின்றால் ஏர் ஏறாது, ஸ்டீயரிங்கும் கல்லாகிவிடும்.

லைனிங் கருகும் வாசனை வந்தால், தயவுசெய்து, கணவாயிலுள்ள இரட்டைப் பாலம் தாண்டிப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். அங்கேயே ஓரங்கட்டிச் சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். தண்ணீர் ஊற்றினால் டிரம்மில் விரிசல் விழுந்துவிடும். தானாக ஆறட்டும்.