சூப்பர்சார்ஜர் மாட்டும் முன் நான்கு பிளக்கையும் கழற்றிப் பாருங்கள்

ஆம்பூரிலிருந்து ஒருவர் தன் எம்ஜிபி என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரை லாரியில் ஏற்றி எங்கள் வேலூர் பட்டறைக்குக் கொண்டுவந்தார். 1967 மாடல், அவர் அப்பா ஓட்டிய கார். வேறு ஊரில், இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் சூப்பர்சார்ஜர் மாட்டி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஏலகிரி மலையில் பாதி வளைவு ஏறும்போதே, தகரத்தில் சரளைக்கல்லைக் கொட்டுவது போல இன்ஜினில் சத்தம் வந்திருக்கிறது. புது பெல்ட் சத்தம் என்று நினைத்து மிதித்துக்கொண்டே ஏறியிருக்கிறார். இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றினேன். மூன்றாவது பிஸ்டனில் ரிங் உட்காரும் விளிம்பு உடைந்து, அந்தத் துண்டு சிலிண்டர் சுவரை மேலிருந்து கீழ்வரை கீறியிருந்தது. பார்க்கவே மனம் தாங்கவில்லை.

அந்தச் சத்தம்தான் நாக்கிங். பிளக் பற்றவைத்த நெருப்பு பரவி வருவதற்குள், மூலையில் மிச்சமிருக்கும் கலவை சூட்டிலும் அழுத்தத்திலும் தானாகவே வெடித்துவிடும். ஒவ்வொரு வெடிப்பும் பிஸ்டன் தலையில் விழும் சுத்தியலடி.

இந்த இன்ஜின் நமக்குப் புதிதல்ல. அம்பாசடரில் ஓடிய 1489 சிசி பெட்ரோல் இன்ஜினும் எம்ஜிபியின் 1798 சிசி இன்ஜினும் ஒரே பி-சீரீஸ் குடும்பம். அதனாலேயே "அம்பாசடர் இன்ஜின்தானே, எதையும் தாங்கும்" என்ற நம்பிக்கை நம் மெக்கானிக்குகளிடம் இருக்கிறது. பிளாக் வார்ப்பிரும்பு, அது தாங்கும். பிஸ்டனும் ஹெட் கேஸ்கெட்டும் தாங்காது.

கணக்கைப் பாருங்கள். இந்த இன்ஜினின் கம்பிரஷன், அதாவது பிஸ்டன் கலவையை அழுத்தும் விகிதம், 8.8-க்கு 1. வெளிக்காற்றின் அழுத்தம் சுமார் 14.7 பிஎஸ்ஐ. அதன்மேல் சூப்பர்சார்ஜர் 6 பிஎஸ்ஐ ஏற்றினால் உள்ளே போகும் அழுத்தம் 1.4 மடங்கு. அதாவது 12-க்கு 1-ஐத் தாண்டிய இன்ஜினைப் போல அது நடந்துகொள்ளும். அழுத்தத்தோடு சூடும் ஏறும். இரண்டு ரோட்டர் சுழன்று காற்றைத் தள்ளும் ரூட்ஸ் வகை சூப்பர்சார்ஜரில் 20 டிகிரியில் நுழையும் காற்று ஏறத்தாழ 70 டிகிரியில் வெளியேறும். அது இங்கிலாந்தின் கோடைக்குச் சரி. நம்மூரில் சித்திரை வெயில் 40 டிகிரி, அப்போது வெளியேறும் காற்று 90 டிகிரியைத் தாண்டும். போதாததற்கு, இந்த இன்ஜினில் காற்று நுழைவதும் புகை வெளியேறுவதும் ஒரே பக்கம். பானட்டுக்குள் இருக்கும் காற்று வெளிக்காற்றைவிடச் சூடானது.

காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் வைத்தால் என்ன என்று கேட்பார்கள். பழைய கார்களில் பெரும்பாலும் பெட்ரோலைக் காற்றில் கலக்கும் கார்புரேட்டர் முன்னால், சூப்பர்சார்ஜர் அதற்குப் பின்னால். பெட்ரோல் கலந்த காற்றுதான் ரோட்டர் வழியாகப் போகிறது. அதை இன்டர்கூலருக்குள் விட்டால் பெட்ரோல் குளிர்ந்து சுவரில் ஒட்டும். நெருப்பு பின்னோக்கி வந்து பேக்ஃபயர் அடித்தால், அந்தக் குழாய் முழுவதும் இருக்கும் கலவை ஒரே நேரத்தில் வெடிக்கும். அழுத்தத்தைத் திறந்துவிடும் வால்வு இல்லாமல் யாரும் இதை ஓட்டக் கூடாது. ஆம்பூர் காரில் அந்த வால்வு இல்லை.

அப்புறம் பெட்ரோல். கலப்பில்லாத பெட்ரோல் எடையில் ஒரு பங்கு எரிய 14.7 பங்கு காற்று வேண்டும். இப்போதைய 20 சதவீதம் எத்தனால் கலந்ததற்கு ஏறக்குறைய 13.5 போதும். அதாவது அதே காற்றுக்குக் கூடுதல் பெட்ரோல் வேண்டும். கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடும் பழைய ஜெட்டையும் ஊசியையும் அப்படியே விட்டால் பெட்ரோல் குறைந்து கலவை மெலிந்துபோகும். எத்தனால் நாக்கிங்கைக் கொஞ்சம் தடுக்கும் என்பது உண்மைதான், ஆனால் மெலிந்த கலவை அந்த நன்மையைத் தின்றுவிடும். பழைய ரப்பர் குழாய்களையும் எத்தனால் அரிக்கும், ஆகவே அவற்றையும் மாற்ற வேண்டும்.

தீப்பொறி விழும் நேரத்தை, அதாவது டைமிங்கைத்தான் பலர் மறக்கிறார்கள். பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிரும் பழைய டிஸ்ட்ரிபியூட்டருக்கு வேகம் ஏறினால் தீப்பொறியை முன்னால் தள்ளத் தெரியும். உள்ளே அழுத்தம் ஏறும்போது பின்னால் இழுக்கத் தெரியாது. ஒரு பிஎஸ்ஐக்கு தீப்பொறியைச் சுமார் ஒரு டிகிரி கோணம் பின்னால் வைப்பது நாங்கள் வேலையைத் தொடங்கும் இடம். அங்கிருந்து காதால் அல்ல, மீட்டரைப் பார்த்துத்தான் நகர்வோம்.

இந்த ஹெட்டில் இரண்டு சிலிண்டருக்கு ஒரு காற்று வழி. நான்கு சிலிண்டருக்கும் கலவை சமமாகப் போகாது. புகைக்குழாயில் கலவையை அளக்கும் ஒரே ஒரு சென்சார் வைத்துக் கிடைக்கும் சராசரி நன்றாக இருக்கும், ஒரு சிலிண்டர் மட்டும் மெலிந்து வெந்துகொண்டிருக்கும். நான்கு பிளக்கையும் கழற்றி நிறம் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்: பழுப்பு என்றால் கலவை சரி, வெளுத்திருந்தால் மெலிவு.

என்னிடம் வந்தால் முதலில் ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளக்கும் கம்பிரஷன் டெஸ்ட் செய்வேன். நான்குக்கும் இடையே பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் சூப்பர்சார்ஜர் பேச்சே வேண்டாம். சரியாக இருந்தாலும் 8-க்கு 1 கம்பிரஷன் தரும் பிஸ்டன், கடினமான வால்வ் சீட், நல்ல ரேடியேட்டர் என்று இன்ஜினை முதலில் தயார் செய்ய வேண்டும். இந்தச் செலவு சூப்பர்சார்ஜரின் விலையைவிடக் கூடிவிடும். இதை முன்கூட்டியே சொல்லிவிடுவதுதான் நியாயம்.

சட்டத்தையும் சொல்லியாக வேண்டும். ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தடுக்கிறது. 50 வயதைத் தாண்டிய கார்களுக்கு 2021-ல் வந்த விதிப்படி பழங்கால வாகனங்களுக்கான 'விஏ' எண் வாங்க வேண்டுமென்றால், சேசிஸ், பாடி, இன்ஜின் எல்லாம் மாற்றப்படாமல் மூல நிலையில் இருக்க வேண்டும். ஆம்பூர்க்காரருக்கு அது தெரிந்திருக்கவில்லை. கேட்டதும் நீண்ட நேரம் பேசாமல் நின்றார்.

கடைசியில் சூப்பர்சார்ஜரைக் கழற்றி எண்ணெய் தடவி மரப்பெட்டியில் வைத்தோம். கீறிய சிலிண்டரைக் கடைந்து ரீபோர் செய்து, பழைய இரண்டு எஸ்யூ கார்புரேட்டர்களையும் இப்போதைய பெட்ரோலுக்கு ஏற்ற ஊசியோடு திரும்ப மாட்டினோம். போன மாதம் மீண்டும் ஏலகிரி ஏறியிருக்கிறார். பதினான்கு வளைவும் ஏறி, மேலே சூடு ஆறியதும் பிளக்குகளைக் கழற்றி, துணியில் வரிசையாக வைத்து வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினார். நான்கும் வறுத்த காப்பிக்கொட்டை நிறம்.