பிடித்த சாம்பல் ஆற்றுக்குப் போவது எப்படி?

அனல் மின்நிலையம் என்றாலே கண் புகைபோக்கிக்குத்தான் போகும். வட சென்னை அனல் மின்நிலையத்தில் கவனிக்க வேண்டியது, தரையோடு தரையாக ஓடும் சாம்பல் குழாய்களை.

இந்திய நிலக்கரியில் 30 முதல் 45 சதவீதம் வரை சாம்பல். 210 மெகாவாட் அலகு ஒன்று முழு அளவில் ஓடினால் நாளொன்றுக்குச் சுமார் 3,500 டன் கரி எரியும்; ஆயிரம் டன்னுக்கு மேல் சாம்பல் மிஞ்சும். ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கொதிகலனின் அடியில் விழும். மீதி, புகையோடு மாவாகப் பறக்கும்.

அதைப் பிடிப்பது இஎஸ்பி, அதாவது மின்புலத்தால் தூசியை இழுத்துப் பிடிக்கும் கருவி. கம்பிகளில் பல்லாயிரம் வோல்ட் மின்னழுத்தம்; மின்னேறிய துகள்கள் எதிரே உள்ள தகடுகளில் ஒட்டும்; சுத்தியல் தட்டினால் கீழே கூம்புத் தொட்டியில் உதிரும். 99 சதவீதத்துக்கு மேல் சிக்கிவிடும். உள்நாட்டுக் கரியில் கந்தகம் குறைவு என்பது காற்றுக்கு நல்லதுதான், ஆனால் இஎஸ்பிக்கு அது தலைவலி. கந்தகம் குறைந்தால் சாம்பலின் மின்தடை ஏறும், தகட்டில் படிந்த அடுக்குக்குள்ளேயே பொறி கிளம்பும், பிடிபட்ட தூசி திரும்பவும் பறக்கும்.

சரி, பிடித்ததை என்ன செய்வது? உலர்வாகவே சிலோ என்னும் உயரமான சேமிப்புக் கலனுக்கு ஏற்றினால் சிமென்ட் ஆலைகள் எடுத்துக்கொள்ளும். பிபிசி (போர்ட்லண்ட் போசோலானா) சிமென்டில் 35 சதவீதம் வரை சாம்பல் சேர்க்கலாம். அப்படிப் போகாததைப் பல மடங்கு தண்ணீரில் கரைத்துச் செப்பாக்கம் சாம்பல் குளத்துக்கு பம்ப் செய்கிறார்கள். குழாய்கள் கொசஸ்தலை ஆற்றையும் எண்ணூர்ச் சதுப்பையும் தாண்டித்தான் போக வேண்டும்.

கோளாறு இங்கேதான். சாம்பலில் சிலிக்கா அதிகம், அது உப்புத்தாள் மாதிரி தேய்க்கும். வேகத்தைக் குறைத்தால் சாம்பல் அடியில் தங்கிக் குழாய் அடைக்கும். கூட்டினால் இரும்பு தேயும். கனமான துகள் அடியோடு உருள்வதால் குழாயின் அடிப்பக்கம்தான் முதலில் மெலியும். ஆகவே குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை குழாயைக் கொஞ்சம் திருப்பி, தேயாத பக்கத்தை அடிக்குக் கொண்டுவர வேண்டும். வளைவுகளில் பசால்ட் என்னும் கடினமான எரிமலைப் பாறையில் உள்ளுறை போட்டால் நெடுநாள் தாங்கும். பம்பை நிறுத்துமுன் வெறும் தண்ணீர் விட்டு அலச வேண்டும், இல்லையேல் உள்ளே இறுகிவிடும். திருப்பவும் மாட்டாமல் மாற்றவும் மாட்டாமல் ஒட்டுக்கு மேல் ஒட்டுப் போட்டால், அடுத்த ஒட்டுக்குப் பக்கத்திலேயே பீறிடும்.

பீறிட்ட சாம்பல் கரைவதில்லை, படியும். ஆற்றுப் படுகை மேடாகும், கடலின் ஏற்றவற்றம் உள்ளே வரும் தூரம் குறையும், சேற்றுக்கு மேல் நீட்டி மூச்சுவிடும் அலையாத்தி வேர்கள் மூடிக்கொள்ளும். சேற்றில் கைவிட்டுத் துழாவி இறால் பிடிக்கும் இருளர்களுக்கு, இறால் பதுங்கும் மெத்தென்ற அடித்தரையே போய்விடுகிறது. சாம்பலில் உள்ள ஆர்செனிக், ஈயம் போன்றவை மெல்லக் கசியும். ஆனால் மீனவர்கள் முதலில் உணர்வது ஆழம் குறைந்ததைத்தான். குழாயை மாற்றினால் புதுக் கசிவு நிற்கும். படிந்ததைத் தூர்வாரித்தான் எடுக்க வேண்டும்.