மறுபடி ஒரு 1963 வருமா?

பிரிட்டனில் நவம்பர் பிறந்துவிட்டால் போதும், சில பத்திரிகைகளுக்கு 1963-இன் கடுங்குளிர் ஞாபகம் வந்துவிடும். வானிலை வரைபடத்தில் கிழக்கிலிருந்து குளிர்காற்று லேசாக எட்டிப் பார்த்தாலே அந்த ஆண்டின் கறுப்பு வெள்ளைப் படங்களைத் தூசி தட்டி எடுத்துப் போட்டுவிடுவார்கள். நாலு நாள் கழித்துப் பார்த்தால் பெரும்பாலும் மழை தூறிக்கொண்டிருக்கும். எத்தனை டிகிரி இறங்கும் என்பதையே எல்லோரும் பார்ப்பதால் வரும் குழப்பம் இது. 1963-ஐ இன்றும் பேச வைப்பது அது இறங்கிய ஆழம் இல்லை, இடத்தை விட்டு நகராமல் கிடந்த காலம்.

பிரிட்டனில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை மைனஸ் 27.2 டிகிரி. ஸ்காட்லாந்தின் பிரேமரில் 1895 பிப்ரவரியிலும் 1982 ஜனவரியிலும், ஆல்ட்னஹாராவில் 1995 டிசம்பரிலும் அது தொட்ட அளவு. ஆனால் 1982 ஜனவரியில் மத்திய இங்கிலாந்தின் மாதச் சராசரி உறைநிலைக்கு மேலேதான் இருந்தது. 1963 ஜனவரியில் அதே சராசரி மைனஸ் 2.1. பகல், இரவு எல்லாம் சேர்த்து, முழு மாதத்துக்கும்! மத்திய இங்கிலாந்துக்கு 1659 முதல் மாதவாரியாக வெப்பநிலைக் கணக்கு இருக்கிறது. அதில் 1740-க்குப் பிறகு 1962-63 அளவுக்குக் குளிர்ந்த குளிர்காலம் வேறு கிடையாது.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் விழத் தொடங்கிய பனி அது. டிசம்பர் 29, 30 தேதிகளில் வீசிய பனிப்புயல் இங்கிலாந்தின் தென்மேற்கிலும் வேல்ஸிலும் 20 அடி உயரத்துக்குப் பனியைக் குவித்தது. கென்ட் கரையில் ஹெர்ன் பே அருகே கடல் சுமார் ஒரு மைல் தூரம் உறைந்தது. எஃப்.ஏ. கோப்பைக் கால்பந்தின் மூன்றாம் சுற்றை ஆடி முடிக்க 66 நாள் ஆனது. பல ஊர்களில் தரையில் உறைபனி இல்லாத முதல் காலை மார்ச் 6 அன்றுதான் விடிந்தது.

லண்டன் இருப்பது கனடாவின் கால்கரி இருக்கும் அதே அட்சரேகைப் பக்கம். ஆனாலும் லண்டனில் குளிர்காலம் பெரும்பாலும் ஈரமும் மப்புமாகத்தான் கழிகிறது. அட்லாண்டிக் கடலின் இதமான காற்றை மேற்கிலிருந்து ஓயாமல் கொண்டுவந்து கொட்டும் ஜெட் காற்றோட்டம்தான், அதாவது வானில் உயரத்தில் வேகமாக ஓடும் காற்றாறுதான், காரணம். அந்த வரத்து நின்றால்தான் பிரிட்டன் உண்மையில் குளிரும்.

அதை நிறுத்துவது உயர் அழுத்த மண்டலம். ஸ்காண்டிநேவியா, ஐஸ்லாந்து, கிரீன்லாந்து பக்கம் அது வந்து உட்கார்ந்துவிட்டால், ஆற்றுக்கு நடுவே கிடக்கும் பாறையைச் சுற்றி நீர் விலகிப் போவதுபோல ஜெட் காற்றோட்டம் விலகிப் போகும். வட அரைக்கோளத்தில் உயர் அழுத்தத்தைச் சுற்றிக் காற்று கடிகார முள் திசையில் சுழலும். ஆகவே அதன் தெற்கு விளிம்பில் வீசுவது கீழைக்காற்று; கிழக்கிலிருந்து ரஷ்யப் பனிவெளிகளைத் தடவி வரும் காற்று. சாதாரணமாக இந்த மண்டலம் சில நாளில் தேய்ந்துவிடும். 1963-இல் அது தேயத் தேய மறுபடி மறுபடி அதே பகுதியில் உருவாகிக்கொண்டே இருந்தது.

இதற்கான தூண்டுதல் சில சமயம் தலைக்கு மேலே 30 கிலோமீட்டர் உயரத்தில் தொடங்குகிறது. குளிர்காலத்தில் வட துருவத்துக்கு மேல் அடுக்குமண்டலத்தில் பெரும் சுழல்காற்று ஒன்று சுற்றிக்கொண்டிருக்கும். மலைத்தொடர்களும் நிலம், கடல் வெப்ப வேறுபாடும் எழுப்பும் ராட்சத அலைகள் மேலேறி உடைந்து அந்தச் சுழலைத் தளர்த்தும். அப்போது துருவத்தின் மேல் காற்று கீழிறங்கி அழுந்தி, சில நாட்களிலேயே 40, 50 டிகிரி கூடச் சூடாகும். பெர்லினில் வானிலை அறிஞர் ரிச்சர்ட் ஷெர்ஹாக் 1952-இல் முதன்முதலாகக் கண்டது இதைத்தான். 2018 பிப்ரவரி 12 வாக்கில் இது நடந்தது. இரண்டு வாரம் கழித்துக் கீழைக்காற்று பிரிட்டனைத் தாக்கியது. ஆனால் 2019 ஜனவரியிலும் மேலே இதேபோல் நடந்தது, கீழே பிரிட்டனில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை.

குளிர் வந்துவிட்டாலே பனி பெய்துவிடாது. பிரிட்டனின் குளிர்கால மழையில் பெரும்பகுதி மேகத்தை விட்டுப் புறப்படும்போது பனிதான். வழியில் உருகி மழையாகிறது. ஒரு கிராம் பனி உருகச் சுமார் 80 கலோரி வெப்பம் வேண்டும். அதைச் சுற்றியுள்ள காற்றிலிருந்துதான் உறிஞ்சும். ஆகவே அடித்துப் பெய்தால் தான் விழும் காற்றைத் தானே குளிரவைத்து, மழை கண்ணெதிரே பனியாக மாறிவிடும். தூறினால் மாறாது. அரை டிகிரியில் இருக்கிறது சூட்சுமம். இரண்டு நாள் முன்கூட்டிச் சொல்லும் முன்னறிவிப்பாளர்கள் இங்கேதான் அதிகம் திட்டு வாங்குகிறார்கள்.

ஈரமும் வேண்டும். ரஷ்யாவிலிருந்து வரும் காற்று வறண்டது. அதைவிடச் சூடான வடகடலைக் கடக்கும்போது கொஞ்சம் ஈரம் எடுத்துக்கொண்டு கிழக்குக் கரையில் கொட்டும். பெரிய பனி வேண்டுமென்றால் தெற்கிலிருந்து ஒரு தாழ்வழுத்தம் வந்து குளிர்காற்றின் மேல் ஏற வேண்டும். 2018 மார்ச் 1 அன்று எம்மா புயல் அதைத்தான் செய்தது. வேல்ஸின் ட்ரெடிகரில் அன்று பகல் வெப்பநிலை மைனஸ் 4.7-ஐத் தாண்டவே இல்லை.

பனியிலும் ரகங்கள் உண்டு. 1991 பிப்ரவரியில் கடுங்குளிரில் மாவுபோல் விழுந்த உலர்ந்த பனி ரயில்களின் மின்மோட்டார்களுக்குள் புகுந்து அவற்றை முடக்கியது. 'தப்பான ரகப் பனி' என்று ரயில்வே சாக்குச் சொன்னதாக ஊரே சிரித்தது. இயற்பியல்படி ரயில்வே சொன்னது சரிதான். ஈரப்பனி அப்படி உள்ளே புகாது.

என்னைக் கேட்டால் 1963-ஐவிட 1947தான் கொடுமை. அந்த ஜனவரி நடுவில் சில இடங்களில் 14 டிகிரி வரை வெயில் காய்ந்தது. 22-ஆம் தேதி தொடங்கி மார்ச் 17 வரை பிரிட்டனில் எங்காவது ஓரிடத்தில் தினமும் பனி பெய்தது. 1963-இல் பல நாட்கள் வானம் தெளிந்திருந்தது. வெண்பனி வெயிலைத் திருப்பி அனுப்ப, இரவில் தரையின் வெப்பம் விண்ணுக்குத் தப்பிப்போக, குளிர் தன்னைத் தானே வளர்த்துக்கொண்டது. 1947 பிப்ரவரியிலோ ஒரே மேகமூட்டம். லண்டனின் கியூ வானிலைக் கூடத்தில் 2-ஆம் தேதி முதல் 22 வரை சூரியனையே காணோம். போர் முடிந்து இரண்டு ஆண்டுகூட ஆகாத நாடு. நிலக்கரி ரயில்கள் பனியில் சிக்கி நின்றன, ஆலைகளுக்கு மின்சாரம் துண்டிக்கப்பட்டது.

இனி அப்படி வருமா? காற்றின் அமைப்பு அதேபோல அமையலாம். மத்திய இங்கிலாந்தில் 2010 டிசம்பரின் சராசரி மைனஸ் 0.7, நூறு ஆண்டுகளுக்கு மேல் காணாத குளிர் டிசம்பர் அது. ஆனால் புத்தாண்டோடு உயர் அழுத்தம் விலகியது, பிப்ரவரி இதமாகப் போனது. ஆர்க்டிக்கும் வடகடலும் அன்றைவிடச் சூடாக இருப்பதால், அதே காற்று வந்தாலும் அதே டிகிரிக்கு இறங்குவது இப்போது கடினம்.

குளிர் எப்படி முடிகிறது என்பதைத்தான் இந்த ஒப்பீடுகளில் யாரும் சேர்ப்பதில்லை. 1963-இன் பனி மார்ச்சில் மெல்ல உருகிப் பெரிய சேதமில்லாமல் ஓடியது. 1947 மார்ச் 10 வாக்கில் தென்மேற்கிலிருந்து இதமான காற்றும் கனமழையும் சேர்ந்து வந்தன. அடியில் நிலம் உறைந்து இறுகிக் கிடந்ததால் ஒரு சொட்டும் உள்ளே இறங்கவில்லை. தேம்ஸ் கரை உடைத்தது. 16-ஆம் தேதி வீசிய சூறைக்காற்று கிழக்கு இங்கிலாந்தின் ஃபென்ஸ் சமவெளியின் கரைகளைப் பிளந்து வயல்களை மூழ்கடித்தது. யார்க்‌ஷயரின் செல்பியில் பெரும்பாலான வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது.