'பி'யை 'டி'யாக எழுதும் பிள்ளைக்குக் கண்ணில் கோளாறா?

மழலையர் வகுப்பு ஆசிரியை ஒருவரின் கேள்வி: வட்டம், சதுரம், முக்கோணம் எல்லாம் டக்கென்று சொல்லும் நாலு வயதுப் பையன், ஆங்கிலச் சின்ன 'பி'யை (b) எழுதச் சொன்னால் 'டி' (d) எழுதுகிறான், கண் டாக்டரிடம் காட்டச் சொல்லலாமா?

இதற்காக என்றால் வேண்டாம். அந்த வயதில் இது சகஜம்.

ஒரு புலி இடப்பக்கம் பார்த்து நின்றாலும் வலப்பக்கம் பார்த்து நின்றாலும் புலிதான், அதைக் கண்டதும் ஓட வேண்டியதுதான். அதனால் இடவலம் மாறிய இரண்டு உருவங்களை ஒன்றாகவே எடுத்துக்கொள்வது மூளையின் பழைய வழக்கம், குரங்குகளுக்கும் அப்படித்தான். எழுத்து வந்து சுமார் 5,000 வருடம்தான் ஆகிறது, அதற்கென மூளையில் தனி இடம் பரிணமிக்க அவகாசமே இல்லை. பொருட்களையும் முகங்களையும் அடையாளம் காணும் பகுதியில் ஒரு மூலையைத்தான் வாசிப்பு பிடித்துக்கொள்கிறது என்கிறார் பிரெஞ்சு நரம்பியலாளர் ஸ்தனிஸ்லாஸ் தெஹான். இடம் கிடைத்தது, பழைய வழக்கமும் கூடவே வந்தது.

போதாததற்கு நாமும் குழப்புகிறோம். முக்கோணத்தை எப்படித் திருப்பினாலும் முக்கோணம்தான் என்று மாதக்கணக்கில் விளையாட்டுக் காட்டிவிட்டு, அடுத்த பாடத்தில் இந்த எழுத்தைத் திருப்பினால் பெயரே மாறிவிடும் என்றால் பிள்ளை என்ன செய்யும்?

இதில் எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு தமிழர்களிடமே நடந்தது. 2003இல் மொழியியலாளர் எரிக் பீடர்சன் வெளியிட்டது. தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்தவர்கள், இடவலம் மாறிய படங்களைப் பிரித்துப் பார்ப்பதில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களைப் போலவே இருந்தார்கள், ஆங்கில எழுத்தும் தெரிந்தவர்களோ வித்தியாசத்தைக் கவனித்தார்கள். 'பி', 'டி' மாதிரி ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான ஜோடி தமிழில் கிடையாது, பழைய வழக்கத்தை விட வேண்டிய கட்டாயமும் அவ்வளவாக இல்லை. ஆக, பையன் சிரமப்படுவது இயற்கையாக வராத ஒன்றைக் கற்க.

சரி, எப்படிக் கற்பிப்பது? கையால்தான். வாசிக்கத் தெரியாத ஐந்து வயதுக் குழந்தைகளை வைத்து உளவியலாளர் கேரின் ஜேம்ஸ் 2012இல் வெளியிட்ட ஆய்வில், தாங்களே கையால் எழுதிப் பழகிய எழுத்துகளைப் பார்த்தபோதுதான் மூளையின் வாசிப்புப் பகுதிகள் நன்றாக இயங்கின. தட்டச்சு செய்தவற்றுக்கும் புள்ளிக்கோட்டின் மேல் வரைந்தவற்றுக்கும் அப்படி இல்லை. காரணம், பிள்ளையின் கோணல்மாணல் 'பி' ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி வரும், அத்தனையிலும் மாறாமல் இருப்பது எது என்று மூளை பிடித்துக்கொள்கிறது என்பது அவரது விளக்கம். புள்ளிக்கோட்டில் எல்லாம் ஒரே அச்சு. இதைப் படித்த பிறகும் பெற்றோர்கள் புள்ளிக்கோட்டு நோட்டுகளை அடுக்குகிறார்கள், 'நடுமூளையைத் தூண்டுகிறோம்' என்று பயிற்சி வகுப்பு நடத்துபவர்களிடம் பணத்தைக் கொட்டுகிறார்கள், எரிச்சலாக இருக்கிறது.

மணலில், காற்றில், முழுக்கையையும் வீசிப் பெரிதாக எழுத விடுங்கள். 'பி'யையும் 'டி'யையும் ஒரே வாரத்தில் சொல்லித்தர வேண்டாம். 'பி'க்கு முதலில் கோடு, அப்புறம் வயிறு. 'டி'க்கு முதலில் வயிறு, அப்புறம் கோடு. ஏழெட்டு வயதிலும் விடாமல் குழம்பி, வாசிப்பும் திணறினால் அப்போது நிபுணரிடம் போகலாம்.