யாங்க்: ஒட்டுவதா, நகலெடுப்பதா?

உரைத்தொகுப்பியின் ஆங்கிலக் கையேட்டைத் தமிழாக்க உட்கார்ந்தால் முதலில் காலை இடறும் சொல் 'யாங்க்'. அகராதியைக் கேட்டால் 'வெடுக்கென இழு, பிடுங்கு' என்னும். முதல் வரைவில் நானும் 'பிடுங்கு' என்றே எழுதிவைத்தேன். ஆனால் எமாக்ஸ் என்ற தொகுப்பியில் கண்ட்ரோல்-ஒய் அழுத்தினால் எதுவும் பிடுங்கப்படுவதில்லை. முன்பு வெட்டி வைத்த வரி, கர்சர் நிற்கும் இடத்தில் வந்து விழுகிறது. அப்படியானால் அது 'ஒட்டு'.

சரி, இனி எங்கு கண்டாலும் 'ஒட்டு' என்று மாற்றிவிடலாமா? விம் என்ற இன்னொரு தொகுப்பியின் கையேட்டில் அப்படிச் செய்தால் மாட்டிக்கொள்வீர்கள். அங்கே ஒய் விசையை இரண்டு முறை தட்டினால் வரி இருந்த இடத்திலேயே இருக்கும். அதன் பிரதி மட்டும் பதிவகம் என்ற தற்காலிகச் சேமிப்புக்குப் போகும். அது 'நகலெடு'. ஒட்டுவதற்கு அங்கே 'புட்' என்று தனிக் கட்டளை, பி விசையில். எமாக்ஸ் சேமிப்பிலிருந்து உரைக்குள் இழுக்கிறது, விம் உரையிலிருந்து சேமிப்புக்குள் இழுக்கிறது. இழுப்பு ஒன்றுதான், திசைதான் வேறு.

அடுத்த தலைவலி, எமாக்ஸின் 'கில்'. 'கொல்' என்று போட்டால் சிரிப்பார்கள், 'அழி' என்று போட்டால் தப்பாகிவிடும். அழித்தது அந்தச் சேமிப்பில் சேராது. 'கில்' செய்தது சேரும். ஆகவே 'வெட்டு'. அந்தச் சேமிப்பின் பெயரான 'கில் ரிங்'கை 'வெட்டு வளையம்' எனலாம். கண்ட்ரோல்-ஒய் அழுத்தி ஒட்டியதும் ஆல்ட்-ஒய்யைத் தட்டிக்கொண்டே போனால், பழைய துண்டுகள் ஒவ்வொன்றாக வந்து கடைசியில் முதல் துண்டுக்கே திரும்பும். வளையம் என்பது பொருத்தம்தான். நகலெடுத்த துண்டும் அதற்குள்தான் போகிறது என்பதால் 'வெட்டு' என்பது பாதிப் பொருத்தம். இருந்தாலும் மூலப் பெயரிலேயே அந்தக் குறை இருக்கிறது, விட்டுவிடலாம்.

'கட்', 'பேஸ்ட்' இரண்டும் கத்தரியும் பசையும் வைத்துத் தாளில் பத்திகளை இடம் மாற்றிய காலத்துச் சொற்கள். 1970களின் நடுவில் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் லாரி டெஸ்லரும் டிம் மாட்டும் 'ஜிப்சி' தொகுப்பியில் அவற்றைத் திரைக்குக் கொண்டுவந்தார்கள். தமிழில் 'வெட்டு', 'ஒட்டு' என்று எதுகையோடு அமைந்துவிட்டது.

ஒரே ஆபத்து, 'உரையை ஒட்டவும்' என்பது 'ஓட்டவும்' ஆகிவிடுவது. பிழைதிருத்தி அதைக் கண்டுகொள்ளாது. 'ஓட்டு' என்பதும் நல்ல தமிழ்ச் சொல்தானே!